ஓய்வு பெற்ற முதல் ஆண்டு: காலை பத்து மணியை என்ன செய்வது?

அஞ்சல் துறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 60 வயதில், ஒரு மாதக் கடைசி நாளன்று கழுத்தில் மாலையோடு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது வயது 66. திருச்சி உறையூரில் இருக்கிறேன். ஓய்வு பெறப்போகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு வரும், எங்கே போடுவது, மகனுக்குக் கொடுக்கலாமா. காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அதிகாலை தானாக ஓடிவிடும். காபி, பேப்பர், நடை, குளியல், இட்லி என்று ஒன்பதரை ஆகிவிடும். சாயங்காலத்துக்குக் கோயில் உண்டு, தெருமுனைப் பேச்சு உண்டு. பத்து மணிதான் சிக்கல். அத்தனை வருடம் கவுன்ட்டரைத் திறந்து வரிசையில் நிற்பவரைப் பார்த்த நேரம் அது. வீட்டில் அந்த நேரத்தில் யாரும் நம்மை எதிர்பார்த்து நிற்பதில்லை. முதல் இரண்டு மாதம் நான் பத்து மணிக்கு டிவியைப் போட்டேன், பதினொன்றுக்கு இன்னொரு காபி கேட்டேன், பன்னிரண்டுக்குச் சமையலில் குறை சொன்னேன். மூன்றாம் மாதம் உடம்பும் கெட்டது, வீட்டுச் சமாதானமும் கெட்டது. கீழே இருப்பது அதற்குப் பிறகு நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்ட விதம்.

முதலில்: ஆறு மாதத்துக்குப் பெரிய முடிவு வேண்டாம்

பணத்தைப் பற்றி இந்த ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். பணிக்கொடை கைக்கு வந்த வாரத்தில் எத்தனை பேருக்கு உங்கள் நினைவு வருகிறது என்று பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். காப்பீட்டு முகவர், மனை விற்பவர், வியாபாரம் தொடங்கப்போகும் தூரத்து மருமகன். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லுங்கள்: "ஆறு மாசம் போகட்டும், பார்க்கலாம்." அதுவரை வங்கி வைப்பிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அப்புறம், போலீஸ் என்றோ சுங்கத்துறை என்றோ சொல்லி வீடியோவில் வந்து உங்களை "கைது" செய்தால், பேசாமல் போனை வையுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள்.

வீட்டில் ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்

"உதவி செய்கிறேன்" என்று சமையலறைக்குள் போகாதீர்கள். நான் போனேன். மளிகை டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கினேன். என் மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏங்க, இத்தனை வருஷமா இந்த ஆபீசுக்கு நான்தான் போஸ்ட்மாஸ்டர். நீங்க மாற்றலாகி வந்ததா எனக்கு ஆர்டர் எதுவும் வரலையே?"

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காய்கறி வாங்குவது, நறுக்குவது, துணி காயப்போட்டு மடிப்பது மூன்றும் என் பொறுப்பு. வாங்கிய கத்தரிக்காய் சொத்தை என்றால் பழி எனக்கு, முருங்கைக்காய் மலிவாகக் கிடைத்தால் பெருமையும் எனக்கு. தென்னூர் உழவர் சந்தைக்கு வாரம் மூன்று நாள் போகிறேன், அதிலேயே அரை நடை முடிந்துவிடுகிறது. எந்த வேலை என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. யாரும் நினைவுபடுத்தாமல், கண்காணிக்காமல் நீங்களே செய்து முடிப்பதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடை: பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்

ஓய்வு பெற்ற மறுநாளே புது ஷூ வாங்கி ஐந்து கிலோமீட்டர் நடந்து, நான்காம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் முதல் வாரத்தில் அதைத் தொட வேண்டாம்.

65 வயதைக் கடந்தவர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். தினமும் பத்தாயிரம் அடி என்று ஒரு கணக்கு சொல்வார்களே, அது ஜப்பானில் 1965இல் ஒரு நடை அளவிக் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து கிளம்பியது. எட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

நடையோடு நின்றுவிடாதீர்கள். அதே நிறுவனம் வாரம் இரண்டு நாள் தசைக்கும், மூன்று நாள் உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்யச் சொல்கிறது. அதற்கு ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள், பிறகு மறு கால். பிளாஸ்டிக் நாற்காலியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், வழுக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு நடங்கள். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட. இரண்டாவது கோயில் பிராகாரம். பங்குனி, சித்திரை வெயிலில் நண்பகல் நேரத்துக் கருங்கல் தரை அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியாது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஸ்ரீரங்கத்தில் என் நண்பர் ஒருவருக்கு அப்படி வந்த புண் ஆற மூன்று மாதம் ஆனது. காலையிலேயே போய் வந்துவிடுங்கள். இரவில் படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

ஒரு நோட்டு, ஒரு கைப்பிடிக் கம்பி

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எழுதுங்கள். சித்த மருந்து, கஷாயம், கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரை எல்லாம் அதில் வர வேண்டும். மூட்டு டாக்டர் கொடுப்பது இதய டாக்டருக்குத் தெரியாது, இருவருக்கும் தெரியாமல் நாம் வேறு ஒன்று விழுங்குவோம். வலி மாத்திரைகள் பல ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் படுத்தும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அடுத்த பக்கங்கள் ரத்த அழுத்தத்துக்கு. மேற்கையில் பட்டை கட்டும் எலக்ட்ரானிக் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அளக்கும் முன் அரை மணி நேரம் காபி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பேசிக்கொண்டே அளந்தால் எண் கூடும். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படி எடுத்துக்கொண்டு போனால், அங்கே அவசரத்தில் எடுக்கும் ஒரு எண்ணைவிட அது அவருக்குப் பயன்படும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போடலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். நாம் கேட்காவிட்டால் பெரும்பாலும் பேச்சே வராது.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் அரசு மருந்து வாங்குபவராக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

இந்த வயதில் குளியலறைக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். மருத்துவப் பரிசோதனைக்குச் செலவழிக்கும் முன் ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கள். கழிப்பறை பக்கத்திலும் குழாய் பக்கத்திலும் சுவரில் துளையிட்டு எஃகுக் கைப்பிடிக் கம்பி பதிக்கச் சொல்லுங்கள். துண்டு காயப்போடும் கம்பி நம் எடையைத் தாங்காது. தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன இரவு விளக்கு. இரவில் விழித்ததும் சட்டென்று எழாமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிவிட்டு நடங்கள். பரண்மேல் ஏறுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கொலுப்படிப் பெட்டியை இறக்க வேறு யாரையாவது கூப்பிடலாம், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

பத்து மணிக்கு: ஐந்து பைகளில் மாடித் தோட்டம்

சரி, பத்து மணிக்கு வருவோம். என்னைக் காப்பாற்றியது கீரை.

ஆனால் முதல் வருடம் படுதோல்வி. உற்சாகத்தில் இருபத்தைந்து பை வாங்கி, வெறும் செம்மண்ணை நிரப்பினேன். பத்தாம் நாள் மண் செங்கல்லாகிவிட்டது. அதிலும் தப்பித்த தக்காளிச் செடிகளை ஏப்ரலில் விட்டுவிட்டுப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் பதினைந்து நாள் போனேன். திரும்பி வந்தபோது மாடியில் இருபத்தைந்து விறகுக் கட்டுகள் நின்றன. ஆகவே ஐந்து பைதான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இடம்: ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் மூலை. கீழே தூணோ சுவரோ இருக்கும் ஓரமாகப் பார்த்து வையுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். பையை நேராகத் தளத்தில் வைக்காமல் நான்கு செங்கல்மேல் வைத்தால் தண்ணீர் வடியும், தளமும் ஊறாது. அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு வளரும்.

பை: ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள வளர்ப்புப் பை. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்பு சில சமயம் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

மண் கலவைதான் முழு ரகசியமும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவு கட்டியாக வரும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசுங்கள். அதிலுள்ள உப்பு போனால்தான் விதை முளைக்கும். கலந்த மண்ணை லேசாக ஈரம் தெளித்து ஒரு வாரம், பத்து நாள் அப்படியே வையுங்கள். உடனே விதைத்தால் சூட்டில் வெந்துவிடும்.

இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிரப்பிய பையைத் தூக்காதீர்கள். காலிப் பையை அதன் இடத்தில் வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, குவளையால் மொண்டு மொண்டு நிரப்புங்கள். அவசரம் என்ன, பத்து மணிதானே ஆகிறது?

விதை: தக்காளியில் தொடங்காதீர்கள். நாற்று விடவே இருபத்தைந்து நாள் ஆகும், பிறகு நோய், பிறகு காய்ப்புழு. முதல் இரண்டு பையில் சிறுகீரையும் அரைக்கீரையும். விதை கடுகைவிடச் சிறியது, நான்கு பங்கு மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். குடத்தால் ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும். சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். அதை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். மூன்றாம் பையில் சமையலறை வெந்தயத்தையே ஊறவைத்துத் தூவுங்கள். நான்காவதில் சந்தையில் வாங்கிய புதினாவின் காம்புகளை நட்டுவிடுங்கள், இதற்கு மட்டும் கொஞ்சம் நிழல் பிடிக்கும். ஐந்தாவதில் வெண்டை. விதையை முதல்நாள் இரவு ஊறவைத்து இரண்டு விதை ஊன்றி, வலுவான நாற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நாற்பது நாளில் பூ, அதிலிருந்து ஓரிரு வாரத்தில் காய். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், ஒரு நாள் மறந்தால் முற்றிவிடும். அந்தக் கட்டாயத்துக்காகவே வெண்டையைச் சொல்கிறேன். காலையில் மாடிக்குப் போக ஒரு காரணம் கிடைக்கிறது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். தை மாதமும் நல்லது. கீரைக்கு மட்டும் பட்டம் பார்க்க வேண்டாம், ஐப்பசி அடைமழையைத் தவிர்த்தால் போதும்.

தண்ணீர் ஊற்றும் முன் விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். புதியவர்கள் பாசத்தில் தண்ணீரை ஊற்றியே செடியை அழுக வைப்பார்கள். காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் வெயிலிலும் ஈரம் நிற்கும். மேகமூட்ட நாளில் இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சியும், வெண்டைக் காம்பில் வெள்ளையாக மாவுப்பூச்சியும் வரும். குறைவாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியே விரட்டலாம். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய வைக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

மண்ணைத் தொடும்போது கையுறை போடுங்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஒரு கட்டுக் கீரையும் கொடுங்கள். எங்கள் தெருவில் பத்து வருடமாகப் பேசாத ஒருவரோடு அந்தப் புதினாவால்தான் பேச்சு வந்தது.

மண்ணில் கை வைக்கப் பிடிக்காதவர்களுக்கு

நூலகம். வீட்டில் படிப்பதும் அங்கே போய்ப் படிப்பதும் ஒன்றல்ல. சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது, நாலு பேர் முகம் தெரிகிறது. சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூலகம். மற்றவர்களுக்கு மாவட்ட மைய நூலகமே தாராளம்.

கணினி பழகியவர்கள் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தைப் பாருங்கள். பழைய நூல்களின் பக்கப் படம் ஒரு புறம், கணினி படித்து எழுதிய பிழையான எழுத்து மறுபுறம் இருக்கும். ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் செய்தால் போதும். கோப்பில் புள்ளி, கமா பார்த்தே பழகிய நம் போன்றவர்களுக்கென்றே பிறந்த வேலை. எனக்குக் கண் கூசுவதால் நான் அதிகம் செய்வதில்லை.

பறவை பார்ப்பது இன்னொன்று. ஒரு பைனாகுலர் போதும். இந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024இல் அது ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் ஒரு வேன் பிடித்து நாலைந்து பேராகப் போய் வாருங்கள்.

நவம்பர் வேலை

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், அது பன்னிரண்டு மாதம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு முறை வேறு, கருவூலத்தில் உங்கள் மாதத்தைக் கேட்டு நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

வயதானால் கைரேகை தேய்ந்து கருவியில் பதியாது. அங்கே போராடாமல் முகம் காட்டும் முறைக்குப் போங்கள். ஸ்மார்ட்போனில், உயிர்வாழ் சான்று கொடுப்பதற்கான ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் வேண்டும். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செயலி சொல்லும்போது கண் சிமிட்டுங்கள். முடிந்ததும் வரும் பிரமாண் எண்ணை அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள். போன் ஒத்துவராவிட்டால் தபால்காரரையே வீட்டுக்கு அழைக்கலாம், கட்டணம் 70 ரூபாய். வந்தவருக்கு மோர் கொடுங்கள், வெயிலில் வந்திருப்பார்.

கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம்

ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோர் உதவி எண் 14567. பண மோசடிக்கு 1930. இவற்றோடு பக்கத்து வீட்டு எண், பிள்ளைகளின் எண், உங்கள் ரத்த வகை, ஒவ்வாத மருந்தின் பெயர். எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பேனாவால் வேண்டாம், தடித்த மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நான் முதலில் எழுதி ஒட்டியதை மூக்குக்கண்ணாடி இல்லாமல் என்னாலேயே படிக்க முடியவில்லை.